டிஎன்பி: நர்ஸிங்கில் டாக்டர் பட்டம் எதற்கு?

'டாக்டர்' என்றதும் நமக்கு இரண்டு பேர் நினைவுக்கு வருவார்கள். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு மருந்து எழுதிக்கொடுப்பவர் ஒருவர். ஆய்வேடு சமர்ப்பித்து, பெயருக்கு முன்னால் முனைவர் என்று போட்டுக்கொள்பவர் இன்னொருவர். அமெரிக்காவில் கடந்த இருபது சொச்சம் ஆண்டுகளில் மளமளவென்று வளர்ந்த ஒரு பட்டம் இந்த இரண்டிலும் சேராமல் நடுவில் நிற்கிறது. டாக்டர் ஆஃப் நர்ஸிங் பிராக்டிஸ் என்பது அதன் முழுப் பெயர். நர்ஸுகள் மத்தியில் டிஎன்பி. இதை முடித்தவர் நோயாளியைப் பரிசோதிப்பார், மருந்தும் எழுதிக்கொடுப்பார், ஆனால் மருத்துவர் கிடையாது. படிப்பின் படிநிலை பிஎச்.டி.க்குச் சமம், ஆனால் புதிய கோட்பாடு எதையும் நிறுவ வேண்டியதில்லை. அப்படியானால் மூன்று நான்கு வருடம் உட்கார்ந்து என்னதான் படிக்கிறார்கள்?

நியாயமான கேள்வி. பதிலுக்குப் போகும் முன் உரிமத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பட்டத்தையும் உரிமத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் பாதிச் சண்டையே தொடங்குகிறது.

உரிமம் வேறு, பட்டம் வேறு

அடிப்படை நர்ஸிங் படிப்பை முடித்து, என்கிளெக்ஸ் தேர்வில் தேறினால் அமெரிக்காவில் பதிவுபெற்ற நர்ஸ் ஆகலாம். அதற்கு மேலும் படித்து, தனிச் சான்றிதழும் உரிமமும் வாங்கி, கூடுதல் பொறுப்போடு வேலை செய்பவர்களை ஏபிஆர்என் என்பார்கள். அதில் நான்கு பிரிவு. நோயைக் கண்டறிந்து சிகிச்சை தரும் நர்ஸ் பிராக்டிஷனர், மயக்க மருந்து கொடுக்கும் நர்ஸ் அனஸ்தெடிஸ்ட், பிரசவம் பார்க்கும் நர்ஸ் மிட்வைஃப், குறிப்பிட்ட ஒரு துறையில் ஆழ்ந்து மொத்த வார்டுக்கும் வழிகாட்டும் கிளினிக்கல் நர்ஸ் ஸ்பெஷலிஸ்ட். மாநிலத்துக்கு மாநிலம் தாறுமாறாக இருந்த விதிகளை ஒழுங்குபடுத்த 2008ல் ஒரு பொது மாதிரி வகுத்தார்கள். இந்த நான்கு பெயர்களும் அதில்தான் உறுதியாயின.

நால்வரில் எண்ணிக்கையில் அதிகம் நர்ஸ் பிராக்டிஷனர்கள். இந்த வேலையே 1965ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் பிறந்தது. பொதுச் சுகாதார நர்ஸான லொரெட்டா ஃபோர்டும் குழந்தை மருத்துவர் ஹென்றி சில்வரும் சேர்ந்து தொடங்கினார்கள். குழந்தைகளைப் பார்க்க டாக்டர்கள் போதவில்லை. நர்ஸுகளோ அந்த வேலையில் பாதியை ஏற்கெனவே செய்துகொண்டிருந்தார்கள். சரி, முறையாகச் சொல்லிக்கொடுத்துவிடலாமே என்பதுதான் யோசனை. அப்புறம் பல இடங்களில் சில மாதச் சான்றிதழ்ப் பயிற்சியாக நடந்தது, 1990களில் மாஸ்டர்ஸ் பட்டம் பொது விதியாக மாறியது. ஃபோர்டு 2025 ஜனவரியில் தமது 104வது வயதில் காலமானார். தாம் தொடங்கிய பயிற்சி சான்றிதழிலிருந்து டாக்டரேட் வரை வளர்ந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போனார்.

இப்போது முக்கியமான விஷயம். மாஸ்டர்ஸ் முடித்த நர்ஸ் பிராக்டிஷனரும் டிஎன்பி முடித்தவரும் எழுதுவது ஒரே சான்றிதழ்த் தேர்வு. வாங்குவது ஒரே உரிமம். நோயாளியிடம் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பதை மாநிலச் சட்டம் தீர்மானிக்கிறது. சட்டம் பட்டத்தைப் பார்ப்பதில்லை. மாஸ்டர்ஸ் மட்டும் முடித்தவர் அரிசோனாவிலோ ஓரிகனிலோ மருத்துவர் யாருடைய மேற்பார்வையும் இல்லாமல் சொந்தமாக கிளினிக் நடத்தலாம். டிஎன்பி வாங்கியவர் டெக்சஸுக்குப் போனால் ஒரு மருத்துவரோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டுதான் மருந்து எழுத முடியும். பாதிக்கு மேற்பட்ட மாநிலங்கள் அரிசோனாவின் வழியில் இருக்கின்றன. டிஎன்பி படித்தால் அதிகாரம் கூடும் என்று யாராவது விளம்பரம் செய்தால், அந்த இடத்திலேயே ஒரு கேள்விக்குறி போட்டுக்கொள்ளுங்கள்.

மயக்க மருந்துத் துறையின் கதை மட்டும் வேறு. 2022 ஜனவரி 1 முதல் அதில் புதிதாகச் சேரும் எல்லோரும் டாக்டரேட் படிப்பில்தான் சேர முடியும் என்று அத்துறையின் அங்கீகாரக் குழு விதித்துவிட்டது. அங்கே 'எடுக்கலாமா வேண்டாமா' என்ற யோசனைக்கே இடமில்லை. மற்ற மூன்று பிரிவினருக்கு அந்த யோசனை இன்னும் இருக்கிறது.

தெரிந்ததைச் செய்யாமல் விடும் வியாதி

அதிகாரம் கூடுவதில்லை, தேர்வும் அதே தேர்வு. பிறகு ஏன் இந்தப் பட்டம்?

1999ல் அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் ஓர் அறிக்கை வெளியிட்டது. மருத்துவமனைகளில் நடக்கும் தவிர்க்கக்கூடிய பிழைகளால் ஆண்டுக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை இறக்கிறார்கள் என்று அது மதிப்பிட்டது. எண்ணிக்கை சரியா என்று பிற்பாடு நிறையச் சண்டை நடந்தது. ஆனால் அறிக்கை சொன்ன காரணத்தை யாரும் பெரிதாக மறுக்கவில்லை. கெட்ட டாக்டர், சோம்பேறி நர்ஸ் என்று தனி ஆட்களைக் குற்றம் சொல்வதைவிட, வேலை நடக்கும் முறையைத்தான் பார்க்க வேண்டும் என்றது அது. அதே காலத்தில் இன்னொரு கணக்கும் பேசப்பட்டது. ஆய்வில் நிரூபணமான ஒரு விஷயம் நோயாளியின் படுக்கை வரை வந்து சேரச் சராசரியாக 17 ஆண்டு ஆகிறது என்பது. ஒரு குழந்தை பிறந்து பள்ளிக்கூடம் முடிக்கும் காலம்.

இந்த இடைவெளியை அடைக்கும் ஆள் யார்? ஆய்வாளர் கட்டுரையைப் பிரசுரித்துவிட்டு அடுத்த ஆய்வுக்குப் போய்விடுவார். வார்டில் இருப்பவருக்குக் கட்டுரை படிக்க நேரமில்லை, படித்தாலும் நடைமுறையை மாற்ற அதிகாரமில்லை. இரண்டு பக்கமும் தெரிந்த ஒருவர் வேண்டும் என்ற தேவையில்தான் டிஎன்பி உருவானது. கென்டக்கி பல்கலைக்கழகம் 2001ல் முதலில் தொடங்கியது. 2004 அக்டோபரில் அமெரிக்க நர்ஸிங் கல்லூரிகளின் கூட்டமைப்பான ஏஏசிஎன், 2015க்குள் உயர்நிலை நர்ஸ்கள் எல்லோருக்கும் டிஎன்பி-யே நுழைவுப் பட்டமாக வேண்டும் என்று தீர்மானம் போட்டது.

உன்னதமான காரணம் மட்டும்தான் என்று சொன்னால் பொய்யாகிவிடும். பார்மசியில், பிசியோதெரபியில், ஆடியாலஜியில் எல்லாம் வரிசையாக டாக்டர் பட்டம் வந்துகொண்டிருந்தது. ஒரே மேசையில் உட்காரும்போது நர்ஸ் மட்டும் மாஸ்டர்ஸோடு இருப்பதா என்ற மனத்தாங்கல் இருந்தது. மாஸ்டர்ஸ் பாடத்திட்டமே வீங்கி, மற்ற துறைகளில் டாக்டரேட்டுக்குக் கேட்கும் அளவு கிரெடிட்டை ஏற்கெனவே விழுங்கிக்கொண்டிருந்தது என்பதும் உண்மை. உழைப்பு டாக்டரேட்டுக்கு, பட்டம் மாஸ்டர்ஸுக்கா என்ற கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை.

2015 வந்தது, போனது. எல்லோருக்கும் டிஎன்பி என்பது நடக்கவில்லை. 2018ல் நர்ஸ் பிராக்டிஷனர் ஆசிரியர்களின் அமைப்பு 2025 என்று புதுக் கெடு வைத்தது. அதுவும் கடந்துவிட்டது, மாஸ்டர்ஸ் வழியில் வருபவர்களுக்கு இன்னமும் உரிமம் கிடைக்கிறது. உரிமம் கொடுப்பது மாநில வாரியங்கள் என்பதால், ஆசிரியர் அமைப்புகள் கெடு வைத்து மட்டும் எதுவும் ஆகிவிடாது.

படிப்பின் உயிர் எங்கே இருக்கிறது என்பதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது ஒரு டாக்டர் செய்த வேலையை. ஜான்ஸ் ஹாப்கின்ஸைச் சேர்ந்த பீட்டர் ப்ரோனோவோஸ்ட் குழுவினர் மிச்சிகன் மாநிலத்தில் நூறு ஐசியூக்களைத் தாண்டிச் சேர்த்துக்கொண்டு ஒரு முயற்சி செய்தார்கள். பெரிய ரத்தக்குழாயில் செருகும் சென்ட்ரல் லைன் வழியே வரும் தொற்றைக் குறைப்பது நோக்கம். செய்யச் சொன்னவை ஐந்தே ஐந்து. கை கழுவுங்கள். முழு அங்கி, முகக்கவசம், விரிப்பு போட்டுக்கொள்ளுங்கள். குளோர்ஹெக்ஸிடின் கொண்டு தோலைச் சுத்தம் செய்யுங்கள். முடிந்தவரை தொடைப் பகுதியைத் தவிருங்கள். தேவை முடிந்ததும் லைனை எடுத்துவிடுங்கள். ஐந்தில் ஒன்றுகூடப் புதிது கிடையாது, மாணவருக்கே தெரிந்த சங்கதி. புதிது என்னவென்றால், ஒரு படி விட்டுப்போனால் நிறுத்தச் சொல்லும் அதிகாரம் நர்ஸின் கையில் கொடுக்கப்பட்டதுதான். 2006ல் வெளியான முடிவின்படி, லைன் செருகியிருந்த 1,000 நாளுக்கு 2.7 என்றிருந்த தொற்றின் இடைநிலை அளவு மூன்று மாதத்தில் பூஜ்யத்துக்கு வந்தது.

மருந்து கண்டுபிடிக்கவில்லை, கருவி கண்டுபிடிக்கவில்லை. தெரிந்த விஷயத்தை ஒழுங்காக நடக்க வைத்தார்கள், அவ்வளவே. டிஎன்பி மாணவர் ஒவ்வொருவரும் சிறிய அளவில் செய்ய வேண்டியது இதைத்தான்.

ஒரு ப்ராஜெக்ட்டை அருகில் போய்ப் பார்ப்போம்

டிஎன்பி-யில் பிஎச்.டி. ஆய்வேட்டின் இடத்தில் இருப்பது இந்த ப்ராஜெக்ட். பொதுவாகச் சொன்னால் புரியாது, ஒரு மாணவி இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். முப்பது படுக்கை உள்ள ஒரு பொது மருத்துவ வார்டு. அவர் எடுத்துக்கொள்வது சிறுநீர் கதீட்டர், அதாவது சிறுநீர் வடிய உள்ளே செருகும் குழாய்.

கதீட்டர் வைத்த நோயாளியின் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு ஒவ்வொரு நாளும் 3 முதல் 7 சதவீதம். அதனால் எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் கிடக்கிறது? காலை ஏழு மணி ஷிப்ட் மாறும் நேரம் மாணவி ஓரமாக நின்று கேட்கிறார். "பன்னிரண்டாம் படுக்கை, எழுபத்தெட்டு வயது, கதீட்டர் இருக்கிறது, யூரின் நன்றாகப் போகிறது" என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விடுகிறார்கள். ஏன் இருக்கிறது என்று சொல்பவரும் இல்லை, கேட்பவரும் இல்லை. மூன்று நாளைக்கு முன்னால் எமர்ஜென்சியில் யாரோ வைத்தது. அன்று காரணம் இருந்தது. காரணம் போய்விட்டது, குழாய் நிற்கிறது.

முதல் யோசனை எல்லோருக்கும் வருவதுதான். ஒரு வகுப்பு எடுப்போம், போஸ்டர் ஒட்டுவோம். இங்கேதான் நல்ல கைடு தடுப்பார். நர்ஸுக்குத் தெரியாததால் கதீட்டர் கிடக்கவில்லையே, தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்து என்ன பயன்? மாணவி ஒரு வாரம் வெறுமனே எண்ணுகிறார். எத்தனை பேருக்குக் குழாய், எத்தனை நாள், எத்தனை பேருக்குக் காரணம் எழுதியிருக்கிறது. இரவு ஷிப்டில் உட்கார்ந்தபோது இன்னொன்று புரிகிறது. ஆறு நோயாளிக்கு ஒரு நர்ஸ். குழாயை எடுத்துவிட்டால் அந்தப் பாட்டியை இரவில் நான்கு முறை கழிவறைக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போக வேண்டும், வழியில் விழுந்தால் அது வேறு வழக்கு. குழாயை எடுத்த பின் சிறுநீர் தேங்குகிறதா என்று பார்க்கும் பிளாடர் ஸ்கேனர் ஒன்றே ஒன்று, அதுவும் மேல் மாடியில். வகுப்பு எடுத்திருந்தால் இது எதுவும் தெரிந்திருக்காது.

பிறகு மாற்றம். குறிப்பிட்ட காரணங்கள் இல்லையென்றால் டாக்டரின் தனி உத்தரவுக்குக் காத்திராமல் நர்ஸே குழாயை எடுக்கலாம் என்று ஒரு நெறிமுறைக்கு ஒப்புதல் வாங்குகிறார். ஷிப்ட் ஒப்படைப்பில் 'ஏன் இருக்கிறது' என்று ஒரு வரி சேர்க்கிறார். ஸ்கேனரைக் கீழே கொண்டுவர மேனேஜரிடம் நடையாய் நடக்கிறார். முதலில் ஒரு ஷிப்டில் மட்டும் செய்துபார்த்து, தவறைத் திருத்தி, அடுத்த ஷிப்டுக்கு விரிக்கிறார். திட்டமிடு, செய், ஆராய், திருத்து என்ற சுழற்சி. வகுப்பறையில் இதை பிடிஎஸ்ஏ என்பார்கள். ஒவ்வொரு வாரமும் கதீட்டர் நாட்களைக் குறித்து ஒரு வரைபடத்தில் புள்ளி வைத்துக்கொண்டே போகிறார்.

இதில் நேர்மை சோதிக்கப்படும் இடம் ஒன்று உண்டு. முப்பது படுக்கை வார்டில் மூன்று மாதத்தில் சிறுநீர்த் தொற்று ஒன்றோ இரண்டோதான் வரும். முன்பு இரண்டு, இப்போது ஒன்று, ஆகவே 50 சதவீதம் குறைத்துவிட்டேன் என்று ஸ்லைடு போடலாம். போடவும் செய்கிறார்கள். அது தற்செயலாகவும் இருக்கலாம் என்று தெரிந்த மாணவி, கதீட்டர் கிடந்த நாட்கள் இத்தனை குறைந்தன, தொற்றைப் பற்றி இந்த எண்ணிக்கையில் எதுவும் சொல்ல முடியாது என்று எழுதுவார். எந்த வாக்கியத்தை எழுதுகிறார் என்பதைப் பார்த்தாலே, படிப்பு ஏறியிருக்கிறதா என்று சொல்லிவிடலாம்.

எல்லா ப்ராஜெக்ட்டும் இந்தத் தரத்தில் இருப்பதில்லை. அரை மணி நேரம் பவர்பாயிண்ட் காட்டி, முன்னும் பின்னும் பத்துக் கேள்வி கொடுத்து, மதிப்பெண் கூடியது என்று முடிக்கும் ப்ராஜெக்ட்டுகளும் ஏராளம். வகுப்பு முடிந்த பத்தாவது நிமிடம் மதிப்பெண் கூடாமல் என்ன செய்யும்? பட்டத்தை விமர்சிப்பவர்கள் முதலில் கை வைப்பது இதில்தான். அவர்கள் சொல்வதில் தப்பில்லை.

பிஎச்.டி.யோடு ஒப்பிட்டால்

நர்ஸுகளுக்கு டாக்டரேட் என்பதே பழைய கதை. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டீச்சர்ஸ் காலேஜில் 1924லேயே கல்வித் துறை சார்ந்த டாக்டரேட் வந்துவிட்டது, நியூயார்க் பல்கலைக்கழகத்தில் 1934ல் பிஎச்.டி. இவற்றின் நோக்கம் ஆசிரியரையும் ஆய்வாளரையும் உருவாக்குவது. பிஎச்.டி. மாணவர் 'கதீட்டர் தொற்று ஏன் முதியவர்களுக்கு இப்படி வருகிறது' என்று எங்கும் பொருந்தக்கூடிய அறிவைத் தேடுவார். டிஎன்பி மாணவர் 'இந்த வார்டில் இதை எப்படி நிறுத்துவது' என்று கேட்பார். அதனால் டிஎன்பி ப்ராஜெக்ட்டுகள் பலவற்றை, ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு 'இது மனிதர்கள் மீதான ஆய்வு வகையில் வராது, தர மேம்பாடு' என்று வகைப்படுத்தி அனுப்பிவிடும்.

டிஎன்பி நடத்தும் கல்லூரிகள் இப்போது 400ஐத் தாண்டிவிட்டன. மாணவர்கள் 40,000 அளவில். நர்ஸிங் பிஎச்.டி. மாணவர்கள் 5,000கூட இல்லை. இந்த ஏற்றத்தாழ்வு ஒரு தலைவலியைக் கொண்டுவந்திருக்கிறது. நடைமுறைக்குக் கொண்டுபோக வேண்டிய அறிவை உண்டாக்குபவர்கள் குறைந்துகொண்டே போனால், பத்து வருடம் கழித்து எதைக் கொண்டுபோவது? இன்னொரு பக்கம், டிஎன்பி முடித்தவர்களே பாடம் நடத்தவும் ஆய்வு செய்யவும் வருகிறார்கள். ஆய்வை முன்னிறுத்தும் பல்கலைக்கழகங்கள் நிரந்தர ஆசிரியப் பதவிக்குப் பெரும்பாலும் பிஎச்.டி.யைக் கேட்கும், டிஎன்பிகாரருக்குக் கிளினிக்கல் பிரிவில் இடம் கொடுக்கும். 'நான் ஆய்வு செய்ய வேண்டும், ஆனால் பிஎச்.டி. நீளமாக இருக்கிறது, அதனால் டிஎன்பி' என்பவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். அது சுருக்கு வழி கிடையாது, வேறு ஊருக்குப் போகும் பஸ்.

நேரம், மணிக்கணக்கு, பணம்

பிஎஸ்என் என்ற நர்ஸிங் இளங்கலைப் பட்டத்திலிருந்து நேரே சேர்ந்தால் முழுநேரமாக மூன்று முதல் நான்கு ஆண்டு. மாஸ்டர்ஸும் உரிமமும் ஏற்கெனவே இருந்தால் ஒன்றரை முதல் மூன்று ஆண்டு. பெரும்பாலும் வேலை பார்த்துக்கொண்டே, ஆன்லைனில். ஏஏசிஎன் 2006ல் வகுத்த அடிப்படை ஆவணம், பிஎஸ்என்னுக்குப் பிறகு குறைந்தது 1,000 மணி நேரக் களப்பயிற்சி வேண்டும் என்றது. நாளைக்கு எட்டு மணி என்றால் 125 நாள். மாஸ்டர்ஸில் செய்த மணி நேரங்களைக் கழித்துக்கொள்ளலாம். 2021ல் அந்த ஆவணத்தையே புரட்டிப் போட்டுவிட்டார்கள். மணிக்கணக்கைவிட, என்ன செய்யத் தெரிகிறது என்ற திறனுக்கு முதலிடம் கொடுத்து, பத்துப் பிரிவுகளாக மாற்றினார்கள். நர்ஸ் பிராக்டிஷனர் படிப்புகளுக்கு நேரடியாக நோயாளியைப் பார்க்கும் நேரம் குறைந்தது 750 மணி இருக்க வேண்டும் என்பது 2022ல் வந்த தனி விதி.

பயிற்சி தரும் சீனியரை ப்ரிசெப்டர் என்பார்கள். அவரைக் கண்டுபிடிப்பதுதான் பல மாணவர்களுக்கு உண்மையான நுழைவுத் தேர்வு. சில கல்லூரிகள் தாமே ஏற்பாடு செய்யும். சில, குறிப்பாக ஆன்லைனில் நாடு முழுக்க ஆள் சேர்ப்பவை, 'நீங்களே தேடிக்கொள்ளுங்கள்' என்று கைவிரித்துவிடும். முப்பது கிளினிக்குக்கு மெயில் போட்டு இரண்டு பதில் வருவது, கடைசியில் ப்ரிசெப்டருக்குக் காசு கொடுத்து இடம் வாங்குவது, இடம் கிடைக்காமல் ஒரு செமஸ்டர் தள்ளிப்போவது எல்லாம் சர்வசாதாரணம். சேர்வதற்கு முன்பே கல்லூரியிடம் எழுத்தில் கேட்டுவிட வேண்டிய முதல் கேள்வி இது.

சம்பளம்? அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவர அமைப்பின் 2023 கணக்கில் நர்ஸ் பிராக்டிஷனரின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் ஒன்றேகால் லட்சம் டாலருக்குச் சற்று மேல், நர்ஸ் அனஸ்தெடிஸ்டுக்கு இரண்டு லட்சத்துக்கு மேல். இது வேலைக்கான சம்பளம். அதே கிளினிக்கில் மாஸ்டர்ஸ்காரரும் டிஎன்பிகாரரும் ஒரே எண்ணிக்கையில் நோயாளிகளைப் பார்த்தால், பல முதலாளிகள் ஒரே சம்பளம்தான் தருவார்கள். ஏஏசிஎன் கேட்டு ராண்ட் நிறுவனம் 2014ல் செய்த ஆய்வும், வேலைக்கு எடுப்பவர்கள் இரண்டு பட்டத்தையும் பெரிதாகப் பிரித்துப் பார்ப்பதில்லை என்பதைத் தடைகளில் ஒன்றாகக் காட்டியது. நிர்வாகம், தர மேம்பாட்டுப் பிரிவு, கற்பித்தல் என்று நகர்பவர்களுக்குத்தான் பட்டத்தின் பலன் கையில் தெரியும்.

செலவுப் பக்கம் அண்மையில் ஒரு வேடிக்கை நடந்தது. அமெரிக்காவில் 2026 ஜூலை முதல் உயர்படிப்புக் கடனுக்கு உச்சவரம்பு வருகிறது. தொழில்முறைப் பட்டம் என்றால் மொத்தம் 2,00,000 டாலர் வரை, மற்ற மேற்படிப்புகளுக்கு 1,00,000 வரை. எதெல்லாம் தொழில்முறைப் பட்டம் என்று 2025 நவம்பரில் கல்வித் துறையின் குழு வகுத்த வரைவில் மருத்துவம், சட்டம், பல் மருத்துவம், பார்மசி, கால்நடை மருத்துவம், இறையியல்கூட இருந்தன. நர்ஸிங் இல்லை. பெயரிலேயே 'பிராக்டிஸ்' என்று வைத்துக்கொண்டு தொழில்முறைப் பட்டமாகவே இருபது ஆண்டு வாதாடி வளர்ந்த படிப்பு! நர்ஸ் அமைப்புகள் கொந்தளித்ததில் ஆச்சரியமில்லை. ஆசிரியராகப் போகிறவர்களுக்கு ஒரு ஆறுதல் உண்டு. நர்ஸ் ஃபேகல்டி லோன் திட்டத்தில் கடன் வாங்கிப் படித்து, முடித்த பின் நான்கு ஆண்டு முழுநேரம் பாடம் நடத்தினால் 85 சதவீதம் வரை தள்ளுபடியாகும்.

'டாக்டர்' என்று சொல்லலாமா?

பட்டம் டாக்டரேட்தானே, சொன்னால் என்ன என்று தோன்றும். நோயாளியின் அறைக்குள் அது அவ்வளவு எளிதில்லை. படுத்திருப்பவருக்கு 'டாக்டர்' என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். கலிஃபோர்னியா சட்டம், மருத்துவ உரிமம் இல்லாதவர் தம்மை மருத்துவர் என்று எண்ணவைக்கும்படி அந்த முன்னொட்டைப் பயன்படுத்தக்கூடாது என்கிறது. 2022ல் அங்கே டிஎன்பி முடித்த ஒரு நர்ஸ் பிராக்டிஷனர், தம்மை டாக்டர் என்று அழைத்துக்கொண்ட வழக்கில் கிட்டத்தட்ட 20,000 டாலர் கட்டி சமரசம் செய்துகொண்டார். மறு வருடம் டிஎன்பி பெற்ற மூன்று பேர், இந்தச் சட்டம் தங்கள் பேச்சுரிமையைப் பறிக்கிறது என்று நீதிமன்றம் போனார்கள். என் கருத்தைக் கேட்டால், 'நான் டாக்டர் இன்னார், உங்கள் நர்ஸ் பிராக்டிஷனர்' என்று ஒரே மூச்சில் இரண்டையும் சொல்லிவிட்டால் ஏமாற்று எதுவும் இல்லை. சட்டம் தடுக்கும் மாநிலத்தில் அதையும் சொல்லாமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம்.

இந்தச் சண்டையில் இரு தரப்பும் அடிக்கடி இழுத்துவரும் ஓர் ஆய்வு உண்டு. கொலம்பியாவில் மேரி முண்டிங்கர் தலைமையில் நடந்து, 2000ல் வெளியானது. 1,316 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் நர்ஸ் பிராக்டிஷனர்களிடமும் மருத்துவர்களிடமும் அனுப்பி, ஆறு மாதம் கழித்துப் பார்த்தார்கள். உடல்நிலையில் பெரிய வித்தியாசமில்லை. ரத்த அழுத்தக்காரர்களில் கீழ் எண் நர்ஸ் தரப்பில் 82, மருத்துவர் தரப்பில் 85. ஆறு மாதம் போதாது என்று மருத்துவர்கள் சொல்வார்கள், பார்த்தீர்களா என்று நர்ஸுகள் சொல்வார்கள். இருவரும் கவனிக்காமல் விடுவது ஒன்று: ஆய்வு நடந்தபோது டிஎன்பி என்ற பட்டமே பிறக்கவில்லை. நர்ஸ் பிராக்டிஷனர்கள் நன்றாகச் சிகிச்சை தருகிறார்கள் என்பதற்கு அது சான்று. அவர்களுக்கு டாக்டரேட் தேவை என்பதற்கு அதில் சான்று கிடையாது. உலக நர்ஸுகள் கூட்டமைப்பான ஐசிஎன்னும் 2020ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் உயர்நிலை நர்ஸிங்குக்கு மாஸ்டர்ஸைத்தான் அடிப்படையாக வைத்தது.

அப்படியென்றால் யார் சேரலாம்? நோயாளியைப் பார்க்கும் வேலை மட்டும் போதும் என்பவர், தம் பிரிவில் மாஸ்டர்ஸ் வழி இன்னும் திறந்திருந்தால் அதிலேயே போகலாம். பின்னால் மனம் மாறினால் மாஸ்டர்ஸுக்குப் பிந்தைய டிஎன்பி இருக்கவே இருக்கிறது. அனஸ்தெடிஸ்ட் ஆக வேண்டும் என்பவருக்குத் தேர்வே இல்லை. வேறு நாட்டில் நர்ஸிங் படித்தவர் முதலில் தம் சான்றிதழ்களை மதிப்பீட்டுக்கு அனுப்பி, என்கிளெக்ஸ் தேறி, பதிவுபெற்ற நர்ஸ் உரிமம் வாங்க வேண்டும். அதற்கு முன்னால் டிஎன்பி சேர்க்கை தருகிறேன் என்று யாராவது சொன்னால், கல்லூரிக்கு சிசிஎன்இ அல்லது ஏசென் அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். ஒரே வார்டில் ஒரே தப்பு பத்தாவது முறை நடப்பதைப் பார்த்து, 'இதை யாராவது சரி பண்ணக் கூடாதா' என்று எரிச்சலோடு வீட்டுக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். இந்தப் பாடத்திட்டம் எழுதப்பட்டது அவர்களுக்காகத்தான்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது ப்ராஸ்பெக்டஸை மூடிவைத்துவிட்டு, கடந்த இரண்டு மூன்று வருடத்தில் அங்கே முடித்தவர்களின் ப்ராஜெக்ட் அறிக்கைகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். பல பல்கலைக்கழகங்கள் இணையத்திலேயே போட்டுவைத்திருக்கும். கடைசிப் பக்கங்களில், மாணவர் போன பிறகு அந்த வேலையை யார் தொடர்கிறார், வார்டில் எந்தப் பதவியில் இருப்பவர் வாராவாரம் எண்ணிப் பார்க்கிறார் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த இடம் காலியாக இருந்தால், நம் மாணவியின் வார்டில் பன்னிரண்டாம் படுக்கைக்கு அடுத்த மாதமே குழாய் திரும்பி வந்திருக்கும்.